மீடியமா வெட்டுங்க

முகத்தின் வடிவத்தைப் பார்த்துத்தான் ஆண்கள் முடி வெட்டிக்கொள்ள வேண்டுமாம். அழகுக் கலைக்காரர்கள் சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊர் பாப்பிரெட்டிப்பட்டியில் ஒரு குடும்பஸ்தன் முடி வெட்டப் புறப்பட்டால் முகத்தைக் கேட்டு முடிவெடுப்பது வழக்கமில்லை. முதலில் காலண்டரைப் பார்க்க வேண்டும். அடுத்து அம்மாவைக் கேட்க வேண்டும். மனைவியிடம் சொல்லிவிட வேண்டும். கடையில் எத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று பஸ்ஸில் போகும்போதே எட்டிப் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். முகத்தின் முறை வருவதற்குள் கழுத்தில் துணியைக் கட்டியிருப்பார்கள்.

காலண்டர் விஷயத்தில் அம்மா கறார். வெள்ளிக்கிழமை ஆகாது. அமாவாசை ஆகாது. கிருத்திகை ஆகாது. என் ஜென்ம நட்சத்திரம் வருகிற நாள் ஆகாது. தம்பியின் நட்சத்திரத்தன்றும் எனக்கு ஆகாது என்று ஒருமுறை தடுத்தார். ஏன் என்றதற்கு, "ரெண்டு பேரையும் நான்தானே பெத்தேன்" என்றார். விளக்கு வைத்த பிறகு வெட்டினால் லட்சுமி போய்விடுவாள். எங்கள் வீட்டில் லட்சுமி எந்த அறையில் தங்கியிருக்கிறாள் என்பது இதுவரை எனக்குத் தெரியாது. மாதக் கடைசியில் தேடிப் பார்த்திருக்கிறேன். இதையெல்லாம் கழித்தால் மிஞ்சுவது ஞாயிற்றுக்கிழமை காலை. அன்றைக்கு ஊரில் உள்ள அத்தனை அம்மாக்களும் அதே காலண்டரைத்தான் பார்த்திருப்பார்கள்.

மனைவி கர்ப்பமாக இருந்தால் கணவன் முடியே வெட்டக் கூடாது என்பது தனிச் சட்டம். என் மகள் வயிற்றில் இருந்தது 2004-ல். தாடியும் தலையுமாகச் சேலம் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். அந்த அக்டோபர் 18-ம் தேதிதான் பாப்பாரப்பட்டி பக்கத்தில் வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்டது. பாப்பாரப்பட்டி தருமபுரிக்கு அந்தப் பக்கம், பாப்பிரெட்டிப்பட்டி இந்தப் பக்கம். வெளியூர்க்காரர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். பஸ்ஸில் பக்கத்தில் இருந்தவர், "எந்த ஊரு?" என்றார். சொன்னேன். என் தாடியை ஒருமுறை பார்த்துவிட்டு, காற்று வரவில்லை என்று முன்சீட்டுக்குப் போய்விட்டார். என் முகம் வட்டமா நீளமா என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. முகம் வெளியே தெரிந்தால்தானே?

அன்று வயிற்றில் இருந்தவள் இப்போது சேலத்தில் கல்லூரியில் படிக்கிறாள். அவள்தான் இஞ்சு டேப்பை எடுத்துக்கொண்டு வந்து என் எதிரே உட்கார்ந்தாள். மச்சினர் மகள் கல்யாணம் அரூரில் வருகிறது. ஆல்பத்தில் அப்பா பார்க்கும்படி இருக்க வேண்டும் என்பது அவள் கவலை. "ப்பா, உங்க முகம் என்ன ஷேப்புன்னு உங்களுக்குத் தெரியுமா?" என்றாள். இந்த முகத்தை வைத்துக்கொண்டு ரேஷன் கடை, பேங்க், பெண் பார்க்கும் வைபவம் எல்லாவற்றுக்கும் போய் வந்திருக்கிறேன். எவரும் வடிவம் கேட்டதில்லை. ஆதாருக்குப் படம் எடுத்தவர்கூட, "நேரா பாருங்க" என்பதோடு விட்டுவிட்டார்.

அளக்க வேண்டியது நான்கு இடம். நெற்றியின் அகலம். கன்ன எலும்புக்குக் கன்ன எலும்பு. காதுக்குக் கீழே தாடை திரும்பும் இடத்திலிருந்து முகவாய் நுனிவரை; இதை இரண்டால் பெருக்க வேண்டும். கடைசியாக, முடி தொடங்கும் இடத்திலிருந்து முகவாய்வரை நீளம். நீளமும் அகலமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்து தாடை வளைந்திருந்தால் வட்ட முகம். பக்கத்தைக் குறைத்து மேலே கொஞ்சம் உயர்த்தினால் எடுப்பாக இருக்கும். அதே அளவில் தாடை மூலைகட்டி நின்றால் சதுர முகம். நெற்றி அகன்று முகவாய் கூம்பினால் இதய முகம். முன்முடியைச் சரித்து நெற்றியில் விடலாம். கன்னம் மட்டும் அகன்றால் வைரம். அகலத்தைப் பார்க்க நீளம் ஒன்றரை மடங்கு இருந்தால் முட்டை முகம். இந்த முட்டை முகக்காரர்களுக்கு எந்த வெட்டும் பொருந்துமாம். ஆகவே அவர்களைப் பற்றி இந்தக் கட்டுரையில் பேச்சில்லை. அவர்கள் எழுந்து போகலாம். ஒன்றரைக்கும் மேலே போனால் நீள முகம்.

மனைவி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "இதுக்குப் போயி டேப்பா? மாங்கா மண்டியில நிக்கற ஆளைக் கேட்டா சொல்லிட்டுப் போறான்" என்றாள். "உங்க அண்ணன் மல்கோவா. எங்கப்பா செந்தூரா. நீங்க கிளிமூக்கு." பெங்களூரா என்றும் சொல்வார்களே, அந்த ரகம். நீண்டு இறங்கி, அடியில் மூக்கு வளைந்திருக்கும். கிருஷ்ணகிரி மாங்கூழ் கம்பெனிகள் லாரி லாரியாக வாங்கி அரைப்பது அதைத்தான். தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இதைவிடத் துல்லியமான அட்டவணை வேண்டியதில்லை. மகள் டேப்பை வைத்துப் பார்த்துவிட்டு, அம்மா சொன்னது சரி என்றாள்.

நான் விடவில்லை. கல்யாண ஆல்பத்தை எடுத்து வந்தேன். அதில் எனக்குச் சந்தேகத்துக்கு இடமில்லாத வட்ட முகம். மகளின் காதுகுத்துப் படத்தில் முட்டை முகம். அப்போது எந்த வெட்டும் எனக்குப் பொருந்தியிருக்கும், ஒருவரும் சொல்லவில்லை. இப்போது நீள முகம். மூன்றும் நான்தான், எலும்பு அதே எலும்பு. மகள் கொஞ்ச நேரம் மூன்று படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். நீளத்தை முடி தொடங்கும் இடத்திலிருந்துதானே அளக்கிறோம்? அந்த இடம் வருடா வருடம் பின்வாங்கிக்கொண்டிருக்கிறது. முடி கொட்டக் கொட்ட முகம் வளர்கிறது. இதே வேகத்தில் போனால் நான் ரிட்டயர் ஆகும்போது என் முகம் உச்சியைத் தாண்டிப் பிடரிப் பக்கம் எங்கேயாவது போய் முடியும். அழகுக் கலையில் அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை.

டாக்டர்கள் வைத்துவிட்டார்கள். ஜேம்ஸ் ஹாமில்டன் என்ற அமெரிக்கர் 1951-ல் ஆண்களின் வழுக்கையை ரகம் பிரித்தார். 1975-ல் ஓடார் நார்வுட் என்ற டாக்டர் அதைத் திருத்தி ஏழு படிகளாக்கினார். உலகம் முழுக்க இன்றைக்கும் நார்வுட் கணக்குதான். ஒன்றாம் படியில் முடி முழுசாக இருக்கும். இரண்டில் நெற்றியின் இரு மூலையும் லேசாக ஏறும். மூன்றில் ஆழமாக ஏறும். நான்கில் உச்சியிலும் இடம் காலியாகும். ஏழில் காதுக்கு மேலும் பிடரியிலும் ஒரு வளையம் மிஞ்சும். நான் மூன்று பாஸாகி நான்கில் சேர்ந்திருக்கிறேன். மாமனார் ஏழும் முடித்தவர். ஆண் ஹார்மோனிலிருந்து உடம்பு தயாரிக்கும் டி.ஹெச்.டி. என்ற பொருள், பரம்பரையாக அந்த வாகு உள்ளவர்களுக்கு முடியின் வேரைச் சுருக்கிக்கொண்டே வருவதுதான் காரணம். எண்ணெய் வைக்காதது அல்ல. இதை அம்மாவிடம் விளக்கினேன். "அந்த ஹார்மோனு உங்கப்பாவுக்கு இல்லாமயா நீ பொறந்த? அவரு கடைசி வரைக்கும் தலைக்கு எண்ணெ வெச்சாரு, முடி இருந்துச்சு" என்றார். அறிவியல் அத்தோடு முடிந்தது.

இங்கேதான் சிக்கலே. நீள முகத்துக்கு விதி, பக்கவாட்டில் ஒட்ட எடுக்காதே. எடுத்தால் முகம் இன்னும் நீளும். வழுக்கைக்கு விதி, பக்கவாட்டை ஒட்ட எடு. அங்கே அடர்த்தி இருந்தால் மேலே இல்லாதது பளிச்சென்று தெரியும். முன்முடியை இறக்கி நெற்றியை மறை என்கிறது முகம். எந்த முன்முடியை என்று கேட்கிறது தலை. இரண்டு டிபார்ட்மெண்டும் ஒன்றையொன்று கைகாட்டுகின்றன. நடுவில் நான், மனு கொடுக்க வந்தவன்.

ஒரு பக்கத்து முடியை நீளமாக வளர்த்து மறுபக்கம் கொண்டுபோய்ப் படிய வைக்கும் வழி ஒன்றுண்டு. ஊருக்கு நாலு பெரியப்பாக்கள் அதைக் காலங்காலமாகச் செய்துவருகிறார்கள். ஆனால் அமெரிக்காவில் ஃப்ளோரிடாக்காரர்கள் இருவர், ஃபிராங்க் ஸ்மித்தும் அவர் மகன் டொனால்டும், 1977-ல் இதற்குக் காப்புரிமையே வாங்கிவிட்டார்கள். 2004-ல் அதற்கு, சிரிக்க வைக்கும் சாதனைகளுக்குக் கொடுக்கிற இக் நோபல் பரிசும் கிடைத்தது. சட்டப்படி பார்த்தால் எங்கள் பெரியப்பாக்கள் பல வருட ராயல்டி பாக்கி வைத்திருக்கிறார்கள். மனு கொடுத்து அலைந்தவன் என்ற முறையில் எனக்கும் ஆசை வந்தது. ஆனால் சேலம் போகிற பஸ் மஞ்சவாடி கணவாயில் ஏறும்போது ஜன்னலோரத்தில் அப்படி ஒருவர் உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருக்கிறேன். மொத்தமும் எழுந்து நின்று காதுக்கு அப்பால் பறந்தது. அவர் கையால் பிடித்துக்கொண்டே வந்தார், சேலம் வரும் வரை.

மகள் ஒரு படத்தை என் போனுக்கு அனுப்பினாள். நீள முகம், ஆனால் தலை நிறைய முடி. "இதை அப்படியே கடையில காட்டுங்க, எதுவும் பேசாதீங்க" என்றாள். பேசாதீங்க என்றதில் விஷயம் இருக்கிறது. நம் ஊர் ஆம்பளைகள் சலூன் நாற்காலியில் பேசும் பாஷையில் இருப்பது மூன்றே வாக்கியம். "பழைய மாதிரியே." "கொஞ்சம் ஷார்ட்டா." "மீடியமா வெட்டுங்க." டீயில் சர்க்கரைக்கு இதைவிட அதிகமாக விவரம் சொல்வோம். எதற்கும் எதற்கும் நடுவில் மீடியம் என்று கேட்கிறவரும் இல்லை, சொல்கிறவரும் இல்லை. எல்லாம் முடிந்ததும் பின்னால் ஒரு கண்ணாடியைப் பிடித்துக் காட்டுவார்கள். அதைப் பார்த்து, சரியில்லை என்று சொன்ன தமிழன் இன்னும் பிறக்கவில்லை. எனக்கு அந்தக் கண்ணாடியில் தெரியும் உச்சந்தலை யாரோ பெரியவருடையது என்றே தோன்றும். மரியாதையாகத் தலையசைத்துவிட்டு எழுந்துவிடுவேன்.

முக வடிவம் பார்த்து வெட்டுவது இங்கே புதுசு. ஆளைப் பார்த்து வெட்டுவதுதான் பழசு. குடுமியா கிராப்பா என்று வீட்டுக்கு வீடு வழக்கு நடந்த காலத்தில், காசிக்குப் படிக்கப் போன பாரதியார் குடுமியை எடுத்துவிட்டு மீசை வளர்த்தார். டேப் வைத்து அளந்ததாகத் தகவல் இல்லை. தியாகராஜ பாகவதர் முடியை நீளமாக வளர்த்துப் பின்னால் வாரிவிட்டார், ஊரெல்லாம் பாகவதர் கிராப். 1944 தீபாவளிக்கு வந்த அவருடைய 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி கண்டது. அந்த மூன்று தீபாவளிக்கும் எத்தனை சதுர முகங்களும் கிளிமூக்குகளும் பிடரியில் கிராப்பைத் தொங்கவிட்டுக்கொண்டு திரிந்திருக்கும்! எங்கள் காலத்தில் 1988-ல் 'சத்யா' வந்தது. கமல் ஒட்ட வெட்டினார், நாங்களும் ஒட்ட வெட்டினோம். 2003-ல் 'காக்க காக்க'. மீசை முளைக்காத பையன்களெல்லாம் போலீஸ் கட்டிங்கில் வந்தார்கள். 2005-ல் 'கஜினி' வந்ததும் நன்றாக இருந்த மண்டையில் கோடு போட்டுக்கொண்டார்கள். இப்போது ஆடிப்பெருக்குக்கும் பொங்கலுக்கும் பெங்களூரு, திருப்பூரிலிருந்து வரும் பையன்கள் பொம்மிடியில் ரயில் இறங்கும்போது தலையைப் பார்த்தால்தான் அந்த வருஷ ஃபேஷன் தெரிகிறது. அடுத்த வாரம் ஊர்ப் பையன்கள் பாதிப் பேர் தலையில் அது ஏறிவிடும்.

தோனி ஒருத்தர் போதும், இந்த முக சாஸ்திரத்தைக் கவிழ்க்க. தோளைத் தொடும் முடியோடு வந்தார். 2006-ல் லாகூரில் பாகிஸ்தான் ஜனாதிபதி முஷாரஃப், முடியை வெட்டிவிடாதே என்று மேடையிலேயே சொன்னார். 2007-ல் டி20 உலகக் கோப்பையை வாங்கிவிட்டு வெட்டிவிட்டார். 2011-ல் உலகக் கோப்பையை வென்ற மறுநாள் மொட்டைத் தலையோடு வந்து நின்றார். 2024 ஐ.பி.எல்.-ல் சேப்பாக்கத்தில் மறுபடியும் நீள முடி. ஒரே முகம், எல்லா வெட்டும் பொருந்தியது. கடைசி ஓவரில் சிக்ஸர் அடிக்கிற முகத்துக்கு எதை வைத்தாலும் பொருந்தும்போல. நானும் ஒரு மாதம் ஆபீஸில் ரிப்போர்ட்டைக் கெடுவுக்கு முன்பே கொடுத்துப் பார்த்தேன். என் தலையை யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

எங்கள் கடைக்காரருடைய அப்பாதான் என் அப்பாவுக்கு வெட்டியவர். அப்போது கடை கிடையாது. மரத்தடி, ஒரு பெட்டி, அறுப்பு முடிந்ததும் களத்தில் தானியம், அவ்வளவுதான் கூலி. பிள்ளைப்பேறு முதல் கருமாதி வரைக்கும் ஊருக்கு அவர் வேண்டும். ஆனால் திண்ணைக்கு மேலே ஏற விடமாட்டார்கள். 2021-ல் வந்த 'மண்டேலா' படத்தில் யோகி பாபு மரத்தடியில் முடி வெட்டுவார்; தேர்தலில் ஜெயிப்பது யார் என்பதை அவர் கையில் இருக்கும் ஒற்றை ஓட்டுதான் தீர்மானிக்கும் என்று தெரிந்ததும்தான் ஊர் அவரை ஆளாக மதிக்கும். இங்கே ஓட்டு வரும்வரை மகன் காத்திருக்கவில்லை. ஏ.சி. போட்டுக் கடை வைத்துவிட்டார். சுழல் நாற்காலியில் எங்களை உட்கார வைத்து, "தலையைக் குனிங்க" என்கிறார். குனிகிறோம். நான் பார்த்த மாற்றங்களில் இது ஒன்றைத்தான் முழுசாகப் பிடித்திருக்கிறது என்பேன்.

மகள் அனுப்பிய படத்தைக் காட்டினேன். வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இது யாருண்ணா?"

"யாரோ மாடல். இதே மாதிரி வெட்டணும்."

"வெட்டிரலாம். முடிக்கு எங்கண்ணா போறது?"

காத்திருந்தவர்கள் பேப்பரை இறக்கிவிட்டுப் பார்த்தார்கள். அவர் சிரிக்கவில்லை. தண்ணீர் அடித்து, சீப்பை நிமிர்த்தி உச்சியில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார். "உங்களுக்கு ரெட்டைச் சுழிண்ணா. சுழி போற பக்கமே வெட்டணும். எதுத்து வெட்டினா அங்க முடி நட்டுக்கும், எண்ணெ போட்டாலும் படியாது" என்றார். ரெட்டைச் சுழி என்றால் ரெண்டு பொண்டாட்டி என்றார் பெஞ்சில் இருந்த ஒருவர். இந்தச் செய்தி எனக்கு முன்னால் வீடு போய்ச் சேரும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

பிறகு மெஷினைக் காட்டிப் பாடம் நடத்தினார். ஒன்றாம் நம்பர் போட்டால் 3 மில்லிமீட்டர் நிற்கும், இரண்டாம் நம்பருக்கு 6. நெற்றி ஏறின ஆட்களுக்கு ஒன்று, இரண்டு என்று இறக்குவார்களாம். "உங்களுக்கு நீட்டு முகம், அவ்வளவு இறக்கக் கூடாது. பக்கத்துல மூணாம் நம்பர். மேல கத்தரிதான், தூக்க வேணாம். கிருதாவைக் காதுக்குப் பாதியில நிறுத்தறேன். தாடி வெச்சா கன்னத்துல வெச்சுக்கங்க, முகவாயில வளர விடாதீங்க. விட்டா மூஞ்சி இன்னும் இறங்கும்." டேப் இல்லை, அட்டவணை இல்லை. இரண்டு டிபார்ட்மெண்டும் கைகாட்டிய ஃபைலை நின்ற இடத்தில் முடித்துக் கொடுத்துவிட்டார். எனக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. இவ்வளவு யோசித்துச் செய்கிற வெட்டுக்குப் பெயர் தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா? கேட்டேன்.

"மீடியம்ணா" என்றார்.

பைக்கில் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வீடு வந்தேன். வெட்டில் பாதி அதிலேயே போயிற்று. வாசலில் அம்மா. "அப்படியே நில்லு. எதையும் தொடாத. பின்பக்கமா போயி குளிச்சிட்டு வா." மீதி குளியலில் போயிற்று. தலை துவட்டிக்கொண்டு உள்ளே வந்தபோது மனைவி நிமிர்ந்து பார்த்துவிட்டு, "ஏன், கடையில கூட்டமா? வெட்டாமயே வந்துட்டீங்க?" என்றாள். கொஞ்சம் கழித்து, "ரெட்டைச் சுழியாமே?" என்றாள். அரூர் கல்யாண ஆல்பத்தில் நான் மல்கோவா அண்ணனுக்குப் பின்னால் நிற்கிறேன். நெற்றி மட்டும் தெரிகிறது, அதுவும் தாராளமாக.

ஒன்றும் ஒத்துவராதவர்களுக்கு மொட்டை இருக்கிறது. ஆறு முகத்துக்கும் அது ஒரே வெட்டுதான். அறநிலையத் துறைக் கோயில்களில் மொட்டைக்குக் கட்டணம் கிடையாது என்று 2021-ல் தமிழக அரசு அறிவித்தும்விட்டது.

முடியை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. கடைக்குப் படம் கொண்டுபோவதாக இருந்தால் உங்கள் வயதில், உங்கள் நார்வுட் படியில் இருக்கிறவர் படமாகப் பார்த்து எடுத்துப் போங்கள். எண்ணெய் தடவிக்கொண்டு போகாதீர்கள். முடி தானாக எந்தப் பக்கம் படியும் என்று வெட்டுகிறவருக்குத் தெரிய வேண்டும். வெட்டும்போது போனைப் பார்க்காதீர்கள். தலை ஒரு பக்கம் சாய்ந்தால் கிருதா ஒன்று மேலே, ஒன்று கீழே நிற்கும். வெட்டு பிடிக்காவிட்டாலும் பயமில்லை. மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலேயே வளர்ந்துவிடும். செவ்வாய்க்கிழமை மட்டும் போகாதீர்கள், கடை லீவு.